மலையே இல்லாத ஊர்க்காரியிடம் மலையைப் பற்றிக் கேட்கிறீர்கள்

(மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையிலுள்ள கடலோரக் கிராமங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவர். வேலையில் இருந்தபோது விடுப்பு எடுத்தும், ஓய்வு பெற்ற பிறகு ஓய்வே எடுக்காமலும் கோயில், மலை என்று சுற்றிக்கொண்டிருக்கிறார். சென்ற இதழில் அவருடைய பயணங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார்.)

கேள்வி: எனக்கு 53 வயது. கேதார்நாத் போக வேண்டும் என்பது இருபது வருட ஆசை. இதுவரை நான் ஏறியதிலேயே பெரிய மலை குன்றக்குடிதான். லேசாக மூட்டுவலியும் உண்டு. ‘பக்கத்திலேயே ராமேஸ்வரம் இருக்கிறது, அந்தச் சிவனும் இந்தச் சிவனும் ஒன்றுதானே’ என்கிறார் வீட்டுக்காரர். நான் போகலாமா அக்கா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. இரண்டுமே பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் வருபவை. ஆனால் இருபது வருடமாக நீங்கள் ஆசைப்பட்டது சிவனை மட்டும்தானா, பனியையும் சேர்த்தா என்று அவருக்குத் தெரியாது. எனக்கெல்லாம் பனிதான் முதலில். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாராளமாகப் போகலாம். ஆனால் நேராகக் கேதாருக்கே போய் நிற்காதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் பட்டேன்.

2017 மே மாதம். ரிஷிகேஷில் காலையில் வேன் ஏறினோம். ராத்திரி குப்தகாசி. விடிவதற்குள் கிளம்பி சோன்பிரயாக், அங்கிருந்து ஜீப்பில் ஐந்து கிலோமீட்டர் கௌரிகுண்ட், இறங்கியதும் நடை. கௌரிகுண்டிலிருந்து கோயில் 16 கிலோமீட்டருக்குக் குறையாது. முன்பு 14 என்பார்கள். 2013 ஜூன் வெள்ளத்தில் வழியில் இருந்த ராம்பாடா என்ற இடமே அடித்துக்கொண்டு போய்விட்டது, பழைய பாதையும் போயிற்று. இப்போதைய பாதை அங்கே மந்தாகினியைத் தாண்டி எதிர்க்கரையில் ஏறுகிறது.

பீம்பலி வரைக்கும் நான்தான் முன்னால். கூட வந்தவர்களுக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்த்து, ‘தண்ணி குடிங்க, கொஞ்சம் உட்காருங்க’ என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே போனேன். லிஞ்சோலி நெருங்கும்போது தலை விண்விண் என்று தெறித்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று நினைத்தேன். அப்புறம் குமட்டல். வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழியோரத்தில் பனி உறைந்து கிடக்கிறது, நான் வெயில் என்கிறேன்! வாந்தி எடுத்த பிறகுதான் புத்தி வந்தது. இதே குறிகளோடு வேறு யாராவது என் முன்னால் உட்கார்ந்திருந்தால் அரை நிமிடத்தில் கீழே அனுப்பியிருப்பேன். எனக்கு என்றதும் செவிலியர் படிப்பெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. கோவேறு கழுதைக்காரர் ஒருவர் ‘ஏறுங்க மாதாஜி, கொஞ்ச தூரம்தான்’ என்று பின்னாலேயே வந்தார். நான் திரும்பிவிட்டேன். இறங்க இறங்க, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துணியை யாரோ அவிழ்ப்பதுபோல வலி விட்டது. அன்று ராத்திரி கௌரிகுண்டில் போர்வைக்குள் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து 3,583 மீட்டர். நம் வாசல் எத்தனை அடி உயரம்? ஐப்பசி மழையில் கடலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வாசல்கள் நம்முடையவை. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறையும் என்பார்கள். அதன் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. அழுத்தம்தான் மாறுகிறது. கேதார் உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜனும் அவ்வளவுதான். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் கொடுக்க வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே தலைவலியோ குமட்டலோ வந்தால் என்னைப்போல வேறு காரணம் தேடாதீர்கள். மேற்கொண்டு ஏறாமல் அங்கேயே தங்கினால் லேசானது பெரும்பாலும் சரியாகிவிடும். தள்ளாட்டம், உளறல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இதெல்லாம் வந்தால் தங்கவும் கூடாது. நடுராத்திரியானாலும் இறக்கிவிட வேண்டும். இளவட்டம், கிழவி என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. ஜிம்முக்குப் போகிற பேரன் படுத்துவிடுவான், பாட்டி ஏறிப்போய் சாமி கும்பிட்டுவிட்டு வருவாள். டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அது பழகுவதற்கு உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்களும், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

2019 செப்டம்பர் கடைசியில் மறுபடி போனேன். குப்தகாசியில் இரண்டு ராத்திரி, கௌரிகுண்டில் ஒன்று, லிஞ்சோலியில் கூடாரத்தில் ஒன்று. மறுநாள் காலையில் கோயில். கூட்டமும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை இருக்கிறது. 2013-ல் வெள்ளத்தோடு உருண்டு வந்து சரியாகக் கோயிலின் முதுகுப்பக்கம் நின்று, தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிட்ட பாறை. பீமசிலை என்று பெயர் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். சன்னதியில் நின்றதைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். என் அம்மா பிறந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ராத்திரியில் அங்கே அப்படி ஒரு கல் வந்து நிற்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் தினமும் காலையில் கடற்கரையில் நடங்கள், கால் புதைகிற காய்ந்த மணலில். ஈர மணலில் நடப்பது சுகம், பிரயோஜனம் இல்லை. மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை, அதனால் இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலைக்குப் போய்வாருங்கள். மேலமலையின் வெறும் பாறை மேல் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சரம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மூத்தது. சதுரமான விமானத்துக்குள் வட்டமான கருவறை, பக்கத்திலேயே குடைவரைகள். ஏற்றம் ரொம்ப இல்லை, ஆனால் பாறைச் சரிவில் காலை எப்படி வைப்பது என்று பழகிவிடும். கேதாருக்கு உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம், அதை வீட்டிலிருந்தே செய்துவிடலாம். கோயில் தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் மூடினால், மறுபடி அட்சய திருதியையை ஒட்டித்தான் திறப்பார்கள். நீங்கள் செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் டோலி இருக்கிறது. டோலியில் போனவர்களுக்குச் சாமி பாதி தரிசனம் கொடுப்பதில்லை.

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் மலையே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறதே?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: இருக்கிறது ஐயா, நானும் ஏறியிருக்கிறேன். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். அது மணல் மேடு. தீவிலேயே உயரமான இடம் என்பதால் பர்வதம் என்று பெயர் வாங்கிக்கொண்டது. மேலே மண்டபத்தில் ராமர் பாதம். அங்கே நின்றால் தீவு முழுக்கத் தெரியும். அதைவிட உயரமாக எதையாவது பார்க்க வேண்டும் என்றால் 323 மீட்டர் டிவி டவர்தான் இருக்கிறது, அதில் ஏற விடமாட்டார்கள்.

இந்தக் கேலிக்கு நடுவில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மணலும் பவளப்பாறையும் தவிர வேறில்லாத தீவு. அங்கே 1,212 தூண்களோடு மூன்றாம் பிரகாரம் நிற்கிறது. சேதுபதிகள் காலத்தில் பாம்பனுக்குப் பாலம் ஏது? அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்திருக்கிறது. மலை இல்லாத ஊர்க்காரர்கள் மலையைத் துண்டுபோட்டு வரவழைத்துக்கொண்டோம் என்று நான் சொல்வதுண்டு.

கேள்வி: உள்ளூர்க் கோயிலையே பலர் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இதில் ஊர் ஊராகச் சுற்றுவது பெருமைக்காகத்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்புல்லாணி

பதில்: கொஞ்சம் பெருமைக்காகவும்தான். இல்லையென்றால் பொய்.

ஆனால் உள்ளூரைப் பார்க்கவில்லை என்று என்னைச் சொல்ல முடியாது. உத்தரகோசமங்கை வட்டாரத்தில் சொட்டு மருந்துப் பெட்டியோடு அலைந்தவள் நான். ‘மண் முந்தியோ மங்கை முந்தியோ’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டுக்கேட்டு வளர்ந்த காது இது. மாணிக்கவாசகர் பாட்டுக்குப் பாட்டு ‘உத்தரகோசமங்கைக்கு அரசே’ என்று கூப்பிட்டது அந்தச் சாமியைத்தான். அங்கே மரகத நடராஜருக்கு வருடம் முழுக்கச் சந்தனக்காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு தடவை அதைக் களைவார்கள். அந்த நாளில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, கடைசியில் எனக்குக் கிடைத்தது நாலு நொடி. அந்தப் பச்சையை எந்த மலையிலும் நான் பார்க்கவில்லை.

உங்கள் ஊரிலேயே தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் ராமர் இருக்கிறார். 108 திவ்ய தேசத்தில் ஒன்று. கடல் வழி விடட்டும் என்று அவர் காத்துக் கிடந்த இடம் என்கிறார்கள். நான் கர்நாடகத்தில் ஹம்பிக்கு எதிரே, துங்கபத்திரைக்கு அந்தப் பக்கம் அஞ்சனாத்திரி மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறியபோது, இதுதான் கிஷ்கிந்தை, அனுமார் பிறந்த இடம் என்றார்கள். உச்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடத்து அம்மாவிடம், ‘உங்கள் பையன் கடைசியில் வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்கு’ என்று பாதி சைகையில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இதற்காகத்தான் ஐயா சுற்றுகிறேன்.

கேள்வி: சதுரகிரி, வெள்ளியங்கிரி, பர்வதமலை. மூன்றில் எது கடினம்?
– வாசகர், பரமக்குடி

பதில்: உடம்புக்கு வெள்ளியங்கிரி, நெஞ்சுக்குப் பர்வதமலை, பொறுமைக்குச் சதுரகிரி.

வெள்ளியங்கிரி கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரம். பிப்ரவரி முதல் மே வரைக்கும்தான் ஏற விடுவார்கள். ஏழு மலை என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. ஒன்றை முடித்து ‘அப்பாடா’ என்று நிமிர்ந்தால் அடுத்தது நிற்கும். அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியைப் பார்த்து, நமக்கு எதற்கு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள், இறங்கும்போது அடுத்தவர் தடியை ஏக்கமாகப் பார்ப்பார்கள். ஆறாவது மலையில் ஆண்டிசுனை. அதன் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்ததும் எனக்கு என் பெயரே மறந்துவிட்டது. நெஞ்சுவலியில் இறந்தார்கள் என்று வருடா வருடம் செய்தி வருகிற மலை இது. நாற்பது தாண்டியவர்கள் ஒரு இசிஜி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குச் சோம்பல் பட வேண்டாம்.

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம். அதற்கு ஏற இரண்டு அடிவாரம் உண்டு. தென்மாதிமங்கலம் ஒன்று, இன்னொன்றின் பெயர் என்ன தெரியுமா? கடலாடி! நம் சாயல்குடிப் பக்கத்துக் கடலாடியிலிருந்து ஒருவர் எங்களோடு வந்திருந்தார். ‘கடலே இல்லாத இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள்’ என்று மலை முழுக்க ஆதங்கப்பட்டுக்கொண்டே ஏறினார். உச்சியை நெருங்கும்போது செங்குத்துப் பாறை. அதில் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஏறுவதைவிட அதிலே இறங்கும்போதுதான் கால் தேடும். கீழே பார்க்காதே என்று சொல்வார்கள். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சதுரகிரிக்கு வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை. சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் இரண்டும் மேலே. வழியில் வழுக்குப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதை, ஒரு நிழல். ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகிற பாதை. அதுதான் ஆபத்தும். மேலே எங்கேயோ மழை பெய்யும், கீழே நமக்குத் தூறல்கூட இருக்காது, ஓடை மட்டும் திடீரென்று பொங்கும். 2015 மே மாதம் அப்படித்தான் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். வனத்துறை ‘இன்று அனுமதி இல்லை’ என்றால் கேட்டில் நின்று சண்டை போடாதீர்கள். ஒரு ஆடி அமாவாசைக்குப் போய்விட்டு, மழை என்று திருப்பி அனுப்பியதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதுவும் நல்ல பயணம்தான்.

இதெல்லாம் சாமி மலைகள். சும்மா காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால், 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை பேர் போன பிறகு, அனுமதி இல்லாமல் எந்தக் கும்பலோடும் போகாதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாடு அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது. கூடவே வழிகாட்டி வருவார்.

கேள்வி: காசி யாத்திரைக்கு முதலில் எங்கே போக வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முறைப்படி என்றால் நம் ஊரில் தொடங்கி நம் ஊரிலேயே முடிய வேண்டும். சேதுவில் நீராடி, மணல் எடுத்து, பூசை செய்து கிளம்புவது. அந்த மணலைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைப்பது. அங்கே எடுத்த கங்கை நீரோடு காசி விசுவநாதரைத் தரிசித்துவிட்டு, திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம். ராமேஸ்வரத்தில் சேது மாதவர், பிரயாகையில் வேணி மாதவர், காசியில் பிந்து மாதவர் என்று மூன்று மாதவரும் கணக்கில் உண்டு. வடக்கே இருந்து வருகிறவர்கள் இதையே அங்கிருந்து தொடங்குவார்கள். நம்மவர்களுக்கு இது வாசலில் கிடக்கிற மணல் என்பதால் மதிப்புத் தெரிவதில்லை. சங்கமத்தில் படகில் என் கைப்பிடி மணலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பீகார்க்காரக் கிழவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடு மேய்கிற இடத்தில் காலையில் நான் செருப்போடு மிதிக்கிற மணல் அது.

ஒரு கைப்பிடி போதும். சிலர் சாக்கில் அள்ளுகிறார்கள், என்னத்துக்கோ. பிரயாகையில் படகுக் கூலியைப் படகில் ஏறுவதற்கு முன்னாலேயே, போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நடு ஆற்றில் வைத்து ஒருவர் என்னிடம் இரண்டு மடங்கு கேட்டார். நான் தமிழில் திட்டினேன், அவர் இந்தியில் திட்டினார், கடைசியில் இருவருமே சிரித்துவிட்டோம். பணம் கொடுத்தது நான்தான்.

ராமேஸ்வரத்திலிருந்தே பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியதிலிருந்து எந்த வண்டியும் கடல் தாண்டி வரவில்லை. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பிறகுதான் அந்த மூட்டை தூக்கும் அவஸ்தை தீர்ந்தது.

கேள்வி: அடுத்த மாதம் தோழிகளோடு பயணம். தேதி நடுவில் வருகிறது. தள்ளிப்போட மாத்திரை சாப்பிடலாமா? வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை.
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: இந்தக் கேள்வியை 31 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் தங்கச்சி. சபரிமலைக்கு வீட்டுக்காரர் மாலை போட்டிருக்கும்போது, ஊர்த் திருவிழாவில், கல்யாணத்தில். பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிட்டுத்தான் வருவார்கள்.

அது ஹார்மோன் மாத்திரை. மருத்துவர் பார்த்துவிட்டுக் கொடுத்தால் சில நாளுக்குச் சாப்பிடலாம். நீங்களாக வாங்கக் கூடாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காலில் ரத்தம் உறைந்த பிரச்சினை, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, கல்லீரல் கோளாறு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இரண்டு நாள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதே ரத்தம் உறைய ஒரு காரணம், மேலே மலை வேறு. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

சாப்பிடாமலும் போகலாம். கோயிலுக்குள் போவதா வேண்டாமா என்பது உங்கள் மனசுக்கும் வீட்டுப் பழக்கத்துக்கும் உட்பட்டது, நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மலை ஒன்றும் சொல்லாது. பழகியவர்களுக்கு மாதவிடாய்க் கப் வசதி, ஆனால் முதல் தடவையே மலையில் பரிசோதனை செய்யாதீர்கள். நாப்கின் என்றால் பழைய செய்தித்தாளும் ஜிப் வைத்த பையும் எடுத்துப்போய், பயன்படுத்தியதைக் கீழே கொண்டுவந்து போடுங்கள். பாறைச் சந்தில் செருகிவிட்டு வருகிறார்கள், வெட்கமாக இருக்கிறது. கழிவறை இருக்கிறதோ இல்லையோ என்று தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் நம் பெண்கள் செய்கிற பெரிய தப்பு. உயரத்தில் அது நேராகத் தலைவலியில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். பழைய கோயில்களைப் பார்க்க ஆசை. நான் முஸ்லிம். என்னை உள்ளே விடுவார்களா? எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், கீழக்கரை

பதில்: உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம் தம்பி. கீழக்கரை பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களை என்றைக்காவது நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? வெளியூர்க்காரரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து அந்தத் தூண்களுக்கு நடுவே நிறுத்தினால், கோயில் மண்டபம் என்பார். தூணில் உருவம் இருக்காது, பூவும் கொடியும்தான். இந்த வட்டாரத்தின் கல் வேலை எந்த வீட்டுக்கும் ஒரே கைதான். அந்தத் தெருவில் தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் உங்கள் பாட்டிமார் எனக்குத் தொதல் என்ற இனிப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வழிபாடு நடக்கிற கோயில்களில் இந்துக்கள் அல்லாதவர்களுக்குக் கொடிமரத்தோடு எல்லை என்று பல இடங்களில் பலகை இருக்கும். பூரி ஜெகந்நாதர் கோயிலில் வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. அங்கே போய் வாக்குவாதம் செய்து மனசு நோக வேண்டாம். வரலாறு படிக்கிறவருக்கு வாசல் திறந்தே கிடக்கிற இடங்கள் எத்தனையோ.

முதலில் கழுகுமலை. சாயல்குடி, கோவில்பட்டி வழியாக ஒரே நாளில் போய்வந்துவிடலாம். வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது, அடிப்பகுதி பாறையாகவே நிற்கிறது. ஏன் நிறுத்தினார்கள் என்று ஆளுக்கொரு கதை. முடிந்த கோயிலில் வேலை எப்படி நடந்தது என்று தெரியாது. இதில் தெரிகிறது. பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள்.

அப்புறம் பாதாமியும் பட்டடக்கல்லும். நம் கதை அங்கே கிடக்கிறது. பாதாமிதான் வாதாபி. காஞ்சிப் பல்லவன் நரசிம்மவர்மன் 642-ல் அதைப் பிடித்துப் பாறையில் கல்வெட்டு வெட்டினான். நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்தான், வென்றான். கைலாசநாதர் கோயிலை இடிக்கவில்லை. அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் கல்வெட்டு வைத்துவிட்டுப் போனான். அவனுடைய ராணி லோகமகாதேவி அந்த வெற்றிக்குப் பட்டடக்கல்லில் எடுத்ததுதான் விரூபாட்சர் கோயில். அதைப் பார்க்கும்போது காஞ்சியில் நிற்கிற மாதிரியே இருக்கும். தோற்ற ஊரின் கோயில் ஜெயித்தவன் ஊரில் மறுபடி முளைத்திருக்கிறது. பாதாமியில் மேல் சிவாலயம் வரைக்கும் ஏறுங்கள். இரண்டு பாறைக்கு நடுவில் இடுக்குப் படி, வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். குரங்குகளிடம் கண்ணாடி பத்திரம். என்னுடையது அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மலைக்குச் சாப்பிட என்ன எடுத்துப் போவீர்கள்?
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: சாயல்குடிக் கருப்பட்டி, பொரிகடலை, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி. பொடிக்கு நம் முண்டு மிளகாய்தான். வடக்கே எதைக் கொடுத்தாலும் அந்தப் பொடி ஒரு கரண்டி போட்டால் உள்ளே போய்விடும். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாத கடையில் பருப்பு நறுக்நறுக் என்று இருக்கும். அரிசியும் அப்படித்தான். வெறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு மட்டும் வேண்டாம். ஒரு தடவை பையில் மறந்துபோய் இருந்த இரண்டு துண்டு நெத்திலி, ஹரித்துவாரில் ஒரு சத்திரத்து அறையையே காட்டிக்கொடுத்துவிட்டது. கங்கைக் கரையில் அசைவத்துக்கே இடமில்லாத ஊர் அது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, ஆயுசு முழுக்கக் கடல் தொழில். இந்த வருடம் தடைக்காலத்தில் வடக்கே கூட்டிப்போனேன். துங்கநாத் கோயிலுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்துவிட்டோம். ‘ஊரில் யாரிடமும் சொல்லாதே’ என்கிறார். சாப்பாடுகூடச் சரியாக இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகர், பாம்பன்

பதில்: தேற்ற வேண்டாம் தம்பி, ஒரு கேள்வி கேளுங்கள். கடலில் எத்தனை தடவை பாதியில் திரும்பியிருக்கிறார் என்று கேளுங்கள்.

என் அப்பாவும் நாட்டுப்படகுக்காரர்தான். தென்கடலில் கச்சான் காற்று மாறி அடிக்கிற மாதிரி மூக்கில் பட்டால் போதும், வலையைப் பாதியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடுவார். வெறும் கூடையோடு வந்து இறங்குகிறவரைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்குத் திரும்பாதவர்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம் கூடும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்காரர்களுக்கு ஊர் சுற்ற அதுதான் நேரம், அதனால் நம்மவர்கள் எல்லோரும் அப்போதே போகிறார்கள். வடக்கேயும் பள்ளி விடுமுறை, அங்கே நெரிசல் உச்சத்தில் இருக்கும். அறை கிடைக்காமல், தூங்காமல், வந்த அன்றைக்கே ஏறுவது. சோப்தாவிலிருந்து துங்கநாத் நாலு கிலோமீட்டருக்குள்தான், பாதை முழுக்கக் கல் பாவியது. அதனால் எளிது என்று நினைத்துவிடுகிறோம். தூரம் எளிது, உயரம் எளிதில்லை.

முதலில் அரசு மருத்துவமனையில் அவருக்கு இசிஜி, எக்கோ, சர்க்கரை, பிரஷர் பாருங்கள். மூச்சு வாங்கியது மலையால்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பீடி உண்டு என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். எல்லாம் சரி என்றால் அக்டோபரில் ஒரு மாதம் கரையில் படகை நிறுத்த முடியுமா பாருங்கள். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ கோயிலை மூடி, சாமியைக் கீழே மக்குமட் கிராமத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள், அதற்குள் போக வேண்டும். ஊக்கிமட்டில் ஒரு ராத்திரி, சோப்தாவில் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் அவரை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கு நீங்கள் பின்னால் நடங்கள்.

இன்னொன்று. கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, வளைவில், தகரம் போட்ட ஒரு டீக்கடை உண்டு. முதல் தடவை போனபோது நானும் அங்கே முக்கால் மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன், மூன்று டீ குடித்தேன். அப்பா உட்கார்ந்தது அந்த இடம்தானா என்று கேட்டு எழுதுங்கள்.